என் பெயர் இல்லாத கிழமைகள்

ஜெர்மனியைப் பற்றி எங்கள் பங்குக் கோயிலின் ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி பங்குச் சுவாமி கேட்டார். கோபுரம், பாலம், பனி என்று எழுதுவேன் என நினைத்திருப்பார். நான் அங்கே அதிகம் பார்த்தது என் தங்கை ராணி வீட்டு பிரிட்ஜின் கதவைத்தான். அதில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அந்தத் தாளோடுதான் நான் இரண்டரை மாதம் சண்டை பிடித்தேன்.

ராணிக்கு முழங்கால் மாற்றி வைத்தார்கள். டோர்ட்மண்டில் தனியாக இருக்கிறாள். புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். மகன் ஸ்டுட்கார்ட்டில் வேலை. வரச் சொல்லி அவள் கேட்கவில்லை, நானாகத்தான் "வாறன்" என்றேன். நான் பள்ளியை விட்டது மூன்றாம் வகுப்பில், ராணி பிறந்த வருடம். அம்மா படுக்கையில் கிடந்தா. அவளை இடுப்பில் வைத்துத்தான் நான் வளர்ந்தேன். அவளுடைய காலுக்கு ஒன்று என்றால் வேறு யார் போவது?

எங்கள் பங்கில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் போவது என் வீட்டுக் கஞ்சி. இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் அதைக் குடித்திருப்பீர்கள். நான் யார் வீட்டுக் கஞ்சியும் குடித்ததில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு நானே வைத்து நானே குடிப்பேன். அப்படிப் பழகிவிட்டேன்.

பெட்டியில் சீலை நாலு, மிச்சமெல்லாம் சரக்குத்தூள். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் வறுத்து நானே இடித்தது. விமான நிலையத்தில் ஒரு அதிகாரி பையைத் திறந்து மோந்து பார்த்தார். மூன்று தரம் தும்மினார். பிறகு தானே கட்டித் தந்து போகச் சொன்னார்.

போய் இறங்கியது செவ்வாய்க்கிழமை. ராணியின் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. படியில் எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ஏறிக்கொண்டிருந்தார். கையில் ஒரே ஒரு தண்ணீர்ப் போத்தல். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினார். ராணியின் வாசலில் போத்தலை வைத்துவிட்டு மறுபடி கீழே போனார். கீழே இன்னும் ஐந்து போத்தல் இருந்தது.

"என்னடி இது? பெட்டியோட தூக்கினால் ஒரு நடையில முடியும். நான் போய்த் தூக்கட்டோ?" என்றேன்.

கதவடியில் இரண்டு ஊன்றுகோலிலும் தொங்கிக்கொண்டு ராணி சிரித்தாள். "வேண்டாம் அக்கா. ஹான்ஸ் அண்ணை மெல்ல மெல்லக் கொண்டு வருவார். விடுங்கோ."

ஜெர்மன்காரரை அவள் 'அண்ணை' என்றாள். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தார்.

அன்று மாலைதான் தாளைப் பார்த்தேன். ஜெர்மன் எழுத்து, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ராணி வாசித்தாள். "திங்கள் ஆமினா, சிரியாக்காரி. வீடு கூட்டித் துடைப்பா. செவ்வாய் ஹான்ஸ் அண்ணை. புதன் ஹதிஜே, துருக்கிக்காரி. சூப் கொண்டுவந்து, கால் பயிற்சியும் செய்விப்பா. வியாழன் நான் மண்டபத்துக்குப் போக வேணும், கூட்டிக்கொண்டு போக ஆள் வரும். வெள்ளியில ஒரு போலந்துக்காரி உடுப்புத் தோய்க்க."

"நான்?"

"நீங்கள் விருந்தாளி எல்லோ, அக்கா."

இடுப்பில் சுமந்தவளுக்கு விருந்தாளி என்று பெயர். அந்த நாட்டில் இரவுச் சாப்பாடு பாணும் வெண்ணெயும், அடுப்பே மூட்டுவதில்லை.

மறுநாள் புதன். ஹதிஜே வந்தாள். அறுபது வயதிருக்கும், சாம்பல் நிற முக்காடு, தூக்கம் இல்லாத கண். துவாயில் சுற்றிய சட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். எனக்குத் தலையை மட்டும் ஆட்டினாள். ராணியைக் கட்டிலில் கிடத்தி, தரையில் மண்டியிட்டு, அவள் குதிகாலைக் கையில் ஏந்தி மெல்ல இழுத்தாள், மெல்ல மடக்கினாள். துருக்கியில் எண்ணினாள்: "பிர், இக்கி, உச், டோர்ட்..." ராணியும் கூடவே எண்ணினாள். பத்து வந்ததும் இரண்டு பேரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். ஒன்று இரண்டு எண்ணுவதற்கு அந்தப் பிள்ளைக்கு விரல் பிடித்துப் படிப்பித்தது நான்.

அன்று நான் சரக்குக் கறி வைத்திருந்தேன். உள்ளிப்பூண்டு நிறையப் போட்டு, மீன் தலை போட்டு, பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற பக்குவத்தில். ராணி இரண்டு வாய் வைத்தாள். "அக்கா, நெஞ்சு எரியுது. பேந்து சாப்பிடுறன்," என்று தள்ளி வைத்துவிட்டு, ஹதிஜேயின் சிவப்புப் பருப்பு சூப்பில் தேசிக்காய் பிழிந்து இரண்டு கோப்பை குடித்தாள்.

வியாழன் மண்டபத்துக்கு என்னையும் கூட்டிப் போனாள். கோயிலுக்குப் பின்னால் இருக்கிறது. எங்கள் ஊர் மாதர் சங்க மண்டபம் போலத்தான், ஆனால் சுவரில் பல்லி இல்லை. ஒரு மேசையில் பிரஷர் பார்க்கிறார்கள். இன்னொரு மேசையில், டாக்டரிடம் போக நாள் எடுத்துக் கொடுக்கிறார்கள். பாஷை தெரியாதவர்களுக்குத் துணைக்குப் போகிறார்கள். ஒருவருக்கும் சம்பளம் இல்லை. துருக்கி, சிரியா, ஆப்பிரிக்கா, போலந்து, எங்கள் சனம், ஜெர்மன்காரர், எல்லாரும் ஒரே வாங்கில் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். எங்கே பார்த்தாலும் "ராணி, ராணி" என்ற சத்தம்.

கோயம்புத்தூர்ப் பிள்ளை ஒன்று, கம்ப்யூட்டர் வேலையாம், ஓடி வந்து என் கையைப் பிடித்தது. "ஆன்ட்டி, நீங்க ராணி ஆன்ட்டியோட சிஸ்டரா? யூ ஆர் சோ லக்கி ஆன்ட்டி!"

ஊரில் அவளைத்தான் என் தங்கச்சி என்பார்கள். இங்கே நான் அவளுடைய அக்காவாகிப் போனேன்.

அங்கே கை நடுங்குகிற மனிதர் ஒருவர் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பாதி கோப்பையில், பாதி மேசையில். ஒருவரும் அவர் கையிலிருந்து பிளாஸ்கை வாங்கவில்லை. நான் எழும்பிப் போனேன். ராணி தூரத்திலிருந்து கண்ணைக் காட்டினாள். உட்கார்ந்துவிட்டேன். சீலையில் தேநீர் பட்டதுதான் மிச்சம்.

இரண்டாம் புதனும் அப்படியே போனது. எண்ணல், சிரிப்பு, சூப். ஹதிஜே போகும்போது ராணி அவளைக் கட்டிப் பிடித்தாள். என்னை அவள் கடைசியாகக் கட்டிப் பிடித்தது அவள் கப்பல் ஏறிய வருடம்.

மூன்றாம் புதன் நான் கதவில் சங்கிலியைப் போட்டேன்.

மணி அடித்தது. ராணி குளியலறையில் இருந்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. நாலு விரல் அகலத்துக்குக் கதவைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த ஜெர்மன் சொற்கள் மூன்று, அதில் ஒன்று "ஷ்லாஃபன்", நித்திரை. அதைச் சொன்னேன். கையைக் கன்னத்தில் வைத்துக் காட்டினேன். ஹதிஜே என்னைப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும். சட்டியைக் கால்மிதியில் வைத்துவிட்டுப் படி இறங்கிப் போனாள்.

சூப்பை நானே நின்ற நிலையில் குடித்தேன். நன்றாக இருந்தது. அதுதான் கூடுதல் எரிச்சல். சட்டியைக் கழுவித் தொட்டிக்குக் கீழே ஒளித்து வைத்தேன். ஹதிஜேக்கு அன்று ஏதோ அலுவலாக்கும் என்று ராணி நினைத்தாள். அன்று அவளுக்கு நான்தான் கால் பயிற்சி செய்வித்தேன். "ஒண்டு, ரெண்டு" என்று எண்ணினேன். ஆறில் அவள் "ஆ, நோகுது அக்கா" என்றாள்.

நாலாம் புதன் மணி அடிக்கவேயில்லை. ராணி போன் எடுத்தாள், பதில் இல்லை. வியாழன் எடுத்தாள், பதில் இல்லை. வெள்ளிக்கிழமை தொட்டிக்குக் கீழே சவர்க்காரம் தேடினாள். சட்டி அகப்பட்டது.

"அக்கா, என்ன செய்தனீங்கள்?"

சொன்னேன். பொய் சொல்ல எனக்கு வராது, அன்று ஒரு தரம் சொன்னதோடு சரி.

ராணி கத்தவில்லை. ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். "அந்தத் தாள் என்ர காலுக்கு எண்டு நினைச்சியளோ? ஹான்ஸ் அண்ணைக்கு இருதயத்தில ஒப்பரேசன் நடந்தது. படி ஏற வேணும், ஆனால் நிண்டு நிண்டு ஏற வேணும் எண்டு டாக்டர் சொன்னவர். வீட்டில சும்மா ஏறுவாரோ? அதுதான் தண்ணிப் போத்தல். ஆமினாவுக்குச் சீனி வருத்தம், அசைய வேணும். வருத்தக்காரருக்கு மருந்து டாக்டர் குடுப்பார் அக்கா. வேலை நாங்கள்தான் குடுக்க வேணும். மண்டபத்தில நாங்கள் செய்யிறது அதுதான்."

"அப்ப ஹதிஜே?"

"புருஷன் செத்து ஒண்டரை வருஷம். திரைச்சீலையை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தவ. ஆறு தரம் போனனான், கதவு திறக்கேல்லை. ஏழாம் தரம் கதவுக்கு வெளியில நிண்டு, எனக்கு முழங்கால் வெட்டப் போயினம், பயிற்சி எண்ணிவிட ஆள் வேணும், எனக்கு ஒருத்தரும் இல்லை எண்டு சொன்னனான். திறந்தவ."

"ஒருத்தரும் இல்லையோ? நான் செத்தே போனன்?"

"அக்கா..."

"ஒருத்தரும் இல்லை எண்டு நீ அவளுக்குச் சொன்னது, டிக்கெட் எடுத்தாச்சு எண்டு உனக்கு நான் சொன்ன பிறகோ, முதலோ?"

"பிறகுதான்," என்றாள் ராணி. "என்னைப் பார்க்க நீங்கள் இருக்கிறியள் எண்டு தெரிஞ்சால் அவ வரமாட்டா, அதுதான் விருந்தாளி எண்டு சொல்லி வைச்சனான். இப்ப தெரிஞ்சு போச்சு. இனி வரமாட்டா. திரும்பவும் படுத்திருப்பா." ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

அன்று எனக்கு நித்திரை இல்லை. ஒரு பக்கம், தங்கச்சி என்னை இல்லை என்று சொல்லிவிட்டாள் என்ற புகைச்சல். மறு பக்கம், அந்தத் திரைச்சீலை. காய்ச்சல்காரன் வாசலுக்குக் கஞ்சி கொண்டுபோகிற நான், ஒரு வருத்தக்காரியை வாசலில் நிற்க வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை எழும்பிச் சரக்குக் கறி வைத்தேன். வெறும் சட்டியைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. அதே சட்டியில் ஊற்றி, அதே துவாயால் கட்டினேன்.

"தனியப் போக உங்களுக்கு ஏலாது," என்றாள் ராணி.

"மன்னாரிலயிருந்து தனியத்தான் வந்தனான்."

விலாசத்தைத் தாளில் எழுதித் தந்தாள். "பஸ்ஸில அஞ்சாவது ஹோல்ட்டில இறங்குங்கோ. மருந்துக்கடைக்குப் பக்கத்துக் கதவு, முதலாம் மாடி." மன்னிப்புக் கேட்க ஒரு ஜெர்மன் வசனமும் சொல்லித் தந்தாள். என் செருப்பு அந்தக் குளிருக்குக் காணாது என்று தன் சப்பாத்தைப் போட்டுவிட்டாள். ராணியின் பாதம் சின்னது.

பஸ்ஸில் ஏறினால் ஒரே மஞ்சளும் கறுப்பும். சட்டை, தொப்பி, கழுத்துத்துணி எல்லாம் அதே நிறம். கால்பந்து ஆட்டம். எங்கள் ஊரில் திருவிழாவுக்குக்கூட ஆண்கள் இப்படிச் சேர்ந்து பாட மாட்டார்கள். நான் சட்டியை மடியில் வைத்து ஹோல்ட்டை எண்ணினேன். நிறுத்தத்தின் பெயரை வாசிக்கத் தெரியாதவளுக்கு எண்ணிக்கைதான் வழி. அந்தப் பஸ், ஆட்டத்துக்காக வேறு தெருவால் சுற்றிப் போகிறதென்று சாரதி சொல்லியிருப்பார் போல. எனக்கு என்ன தெரியும்? ஐந்தாவதில் இறங்கினேன். மருந்துக்கடை இல்லை, பெரிய பாலம்தான் இருந்தது. மன்னிப்பு வசனமும் பஸ்ஸோடு போய்விட்டது.

அரை மணித்தியாலம் நடந்தேன். ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கம் இல்லை. சப்பாத்து குதிகாலைத் தின்றது. கடைசியில் ஒரு மரத்தடியில் நின்றுவிட்டேன். மஞ்சள் கழுத்துத்துணி போட்ட, பீப்பாய் போல ஒரு மனிதர் என்னைக் கடந்து போய், திரும்பி வந்தார். தாளை வாங்கிப் பார்த்தார். சட்டியையும் வாங்கப் பிடித்தார். நான் விடவில்லை, அவரும் விடவில்லை. பிறகு நான் விட்டேன். என் சுமையை இன்னொருவர் சுமந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அவர் பாடிக்கொண்டே முன்னால் நடந்தார். நடுவில் துவாயை விலக்கி மோந்து, ஒரு விரலை விட்டு நக்கினார். அதிர்ந்துபோய் நின்றார். பிறகு தலையை ஆட்டி இன்னொரு தரம் விரலை விட்டார். நெஞ்சு எரிகிறது என்று சொல்லவில்லை. மருந்துக்கடை வாசலில் சட்டியைத் தந்துவிட்டு ஆட்டத்துக்கு ஓடினார். அவர்களுடைய கட்சி வெல்ல வேண்டும் என்று நான் மனதுக்குள் ஒரு அருள்நிறைந்த மரியே சொன்னேன்.

முதலாம் மாடி. மணியை அடித்தேன். நின்றேன். மறுபடி அடித்தேன். கதவு நாலு விரல் அகலத்துக்குத் திறந்தது. சங்கிலி போட்டிருந்தது.

ஹதிஜேயின் தலைமுடி வாரப்படவில்லை. பட்டப்பகலில் உள்ளே இருட்டு. எனக்கு வசனம் வரவில்லை. தெரிந்ததைச் சொன்னேன். "ராணி ஷ்லாஃபன்... நைன்." நித்திரை இல்லை, அது பொய். தலையையும் ஆட்டினேன். அவள் முகம் அசையவில்லை. சட்டியை நீட்டினேன். அவள் கை வெளியே வரவில்லை.

கதவு மூடப் போனது. எனக்குக் கால் தாங்கவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்தேன். சப்பாத்தைக் கழற்றப் பார்த்தேன், வீங்கிப் போயிருந்தது, வரவில்லை. ஊரில் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பேன். அன்று நான் காலை அவள் பக்கம் நீட்டினேன். இந்த வயதில், ஒரு அந்நிய மனுஷியிடம், பிச்சைக்காரி கை நீட்டுகிற மாதிரிக் காலை நீட்டினேன்.

சங்கிலிச் சத்தம் கேட்டது. ஹதிஜே வெளியே வந்து படியில் மண்டியிட்டாள். இரண்டு இழுவையில் சப்பாத்து வந்தது. குதிகாலில் தோல் உரிந்து இரத்தம். அவள் துருக்கியில் ஏதோ சொன்னாள். பாஷை தெரியாவிட்டாலும் ஏச்சு என்றால் தெரியும் அல்லவா? என் கைக்குள் கை கொடுத்து எழுப்பி உள்ளே கொண்டுபோய்க் கதிரையில் இருத்தினாள். வாயகன்ற நீலப் பேசின் ஒன்றில் வெந்நீர் கொண்டுவந்து உப்புப் போட்டாள். காலைத் தூக்கிப் பார்த்தாள். இருட்டில் காயம் தெரியவில்லை. எழும்பிப் போய்த் திரைச்சீலையை இழுத்துத் திறந்தாள்.

வெளிச்சத்தில் பார்த்தால், மேசை முழுக்கத் தூசி. சுவரில் மீசை வைத்த ஒரு மனிதரின் படம்.

அவள் என் பாதத்தைக் கையில் ஏந்திக் கணுக்காலைச் சுற்றினாள். "பிர், இக்கி, உச்..." எனக்கு அழுகை வந்தது. நோவினால் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழிலிருந்து நானும் கூட எண்ணினேன், தமிழில். பத்தில் இரண்டு பேரும் மூச்சு விட்டோம்.

பிறகு அவள் சட்டியைத் திறந்து பாணில் தொட்டுச் சாப்பிட்டாள். இருமினாள், கண்ணில் தண்ணீர் வந்தது, தண்ணீர் குடித்தாள், திரும்பவும் தொட்டாள். பொழுது சாய முன்னம் முக்காடு போட்டுக்கொண்டு, என்னைத் தனியே விட நம்பாமல், ராணி வீடு வரை கூட்டிவந்தாள்.

திங்கட்கிழமை ராணி தாளில் புதன் வரிசையில் ஏதோ எழுதினாள். "என்னடி எழுதுறாய்?"

"புதன், ஹதிஜே, அக்காவின்ர கால்."

என் பெயர் ஏறிவிட்டது. பார்க்கிறவர்கள் வரிசையில் ஏறுவேன் என்று நினைத்து வந்தவள், பார்க்கப்படுகிற இடத்தில் ஏறினேன். ஹதிஜே புதன்தோறும் அந்த நீலப் பேசினைத் துணிப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். முதலில் என் கால், பிறகு ராணியின் கால். ராணியின் முறை வந்ததும் நான் மணிக்கூட்டைப் பார்ப்பேன். அவளுக்கு இரண்டு நிமிடம் கூடினாலும் எனக்குத் தெரியும்.

புண் ஒரு கிழமையில் ஆறிவிட்டது. நான் சொல்லவில்லை. புதன் வந்தால் நொண்டினேன். ஒரு நாள் ராணி என் காதுக்குள் வந்து, "அக்கா, மற்றக் கால் எல்லோ?" என்றாள்.

புறப்படுகிற நாள் ஹான்ஸ் அண்ணை என் பெட்டியைத் தூக்க வந்தார். நான் அதிலிருந்து ஒரு சீலையை மட்டும் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு அடுத்ததற்கு ஏறி வந்தார். கடைசியில், என்னை வழியனுப்ப வந்திருந்த ராணியின் மகன் வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

ஊருக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. போன புதன்கிழமை ராணி போன் எடுத்தாள். ஊன்றுகோலை விட்டுவிட்டாளாம், மண்டபத்துக்குத் தானே நடந்து போகிறாளாம். நல்லது என்றேன். மனதார.

"ஹதிஜே எப்படி?"

"சுகம் அக்கா. இப்ப புதன்கிழமையில தன்ர வீட்டுக்குக் கீழ் மாடிக்குப் போறா. புதுசா வந்த ஒரு மனுஷி, இத்தாலிக்காரி, கால் வீக்கம். ஹதிஜே தானாகவே கேட்டுப் போனவ. நான் சொல்லவே இல்லை."

ஆறு தரம் கதவு திறக்காதவள், இன்று இன்னொரு கதவைத் தட்டுகிறாள். ஆண்டவருக்குத் தோத்திரம் சொல்ல வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எந்தப் பேசின்ல?" என்று கேட்டேன்.

"என்ன அக்கா?"

"நீலப் பேசினோ?"

ராணி சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குத் தெரியும், நான் தூக்கி வளர்த்தவள். "ஓம் அக்கா," என்றாள். "நீலம்தான்."

அன்று எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.